ஒபாமாவின் சேயோன்: மனிகால் கிராமத்து ஃபால்மத் கார்னியைத் தேடிப் பிடித்த கதை

1850 மார்ச் 20 அன்று மார்மியன் என்ற கப்பல் நியூயார்க் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. பயணிகள் பட்டியலில் ஒரு வரி: ஃபால்மத் கார்னி, வயது 19, தொழிலாளி. கூடவே அவருடைய சகோதரி மார்கரெட், மார்கரெட்டின் கணவர் வில்லியம் கிளியரி. அவ்வளவுதான். அந்த ஒரு வருடத்தில் மட்டும் இப்படி அயர்லாந்தில் இருந்து அமெரிக்கா வந்தவர்கள் லட்சத்துக்கும் மேல், அதில் பெரும்பாலானவர்களைப் பற்றி இன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரியாது. இவரையும் யாரும் தேடியிருக்க மாட்டார்கள், 2007இல் பராக் ஒபாமா அமெரிக்க அதிபர் தேர்தல் களத்தில் இறங்கியிருக்காவிட்டால்.

தமிழில் அப்பாவுக்கு மேலே பாட்டன், பூட்டன், ஓட்டன், சேயோன் என்று அடுக்கிச் சொல்லும் வழக்கு உண்டு இல்லையா, அந்தக் கணக்கில் ஃபால்மத் கார்னி ஒபாமாவின் சேயோன், தாய்வழியில். ஒபாமாவின் அம்மா ஸ்டான்லி ஆன் டன்ஹம். அவருடைய அப்பா ஸ்டான்லி ஆர்மர் டன்ஹம். அவருடைய அப்பா ரால்ஃப் வால்டோ எமர்சன் டன்ஹம் (ஆமாம், எழுத்தாளர் எமர்சனின் பெயர்தான்). ரால்ஃபின் அம்மா மேரி ஆன் கார்னி. மேரி ஆனின் அப்பாதான் கப்பலில் வந்த இந்த 19 வயதுப் பையன்.

ஒபாமா கதையாக இதைப் பலரும் சொல்லியாகிவிட்டது. எனக்கு இதில் ஆர்வம் வேறு காரணத்துக்காக. அயர்லாந்துக் கிராமத்தில் இருந்து போன ஒரு சாதாரண ஆளை, சொந்தமாக உயிலோ கடிதமோ புகழோ எதுவும் விட்டுப் போகாத ஒரு செருப்புத் தைப்பவரின் மகனை, எந்தக் காகிதத்தை வைத்துப் பிடித்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். ஏனென்றால் அயர்லாந்து விஷயத்தில் காகிதம் என்பதே பெரிய பிரச்சினை.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. 1922 ஜூன் கடைசியில் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்துக்குள் ஒரு தரப்பு பதுங்கியிருந்தது, அரசுத் தரப்பு வெளியே இருந்து பீரங்கியால் சுட்டது. அந்த வளாகத்துக்குள்தான் நாட்டின் பொது ஆவணக் காப்பகமும் இருந்தது. ஜூன் 30 அன்று அது வெடித்து எரிந்தது. ஏழு நூற்றாண்டுக் காகிதம். எரிந்த தாள்கள் நகரம் முழுக்கப் பறந்து விழுந்தன. 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் சில துண்டுகள் தவிர மொத்தமும் போயின. உயில்கள் போயின. ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த அயர்லாந்து திருச்சபையின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை போயின.

எல்லாப் பழியையும் தீயின் மேல் போடவும் முடியாது. 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை அரசாங்கமே வேலை முடிந்ததும் அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர் சமயத்தில் காகிதக் கூழாகப் போயின. ஆக, முழுதாகக் கையில் கிடைக்கும் மிகப் பழைய கணக்கெடுப்பு 1901ஆம் வருடத்தையது. 1850இல் கப்பலேறியவனைத் தேடுகிறவனுக்கு அது எதற்கு ஆகும்? பிறப்பு இறப்புகளை அரசு எல்லோருக்கும் பதிய ஆரம்பித்ததே 1864இல்தான். அதற்கு முன்னால் என்றால் கோவில் பதிவேடு, நில வரிக் கணக்கு, பத்திரம், கல்லறைக் கல் இவைதான் கதி.

அதனால் அனுபவம் உள்ளவர்கள் அயர்லாந்துத் தேடலை அயர்லாந்தில் தொடங்குவதே இல்லை. போய்ச் சேர்ந்த ஊரில் தொடங்குவார்கள். ஒபாமாவின் தாய்வழியை எடுத்துக்கொண்ட அமெரிக்க வம்சாவளி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக்கும் அதையேதான் செய்தார்.

அமெரிக்கப் பக்கத்தில் விஷயம் ஓரளவு சுலபம். 1850இல் இருந்து அங்கே கணக்கெடுப்பில் வீட்டுத் தலைவர் பெயர் மட்டும் இல்லாமல், அடிமைகளாக இருந்தவர்கள் தவிர, வீட்டில் உள்ள எல்லோர் பெயரும் பிறந்த இடமும் எழுதினார்கள். டன்ஹம் குடும்பத்தில் இருந்து பின்னோக்கிப் போனால் மேரி ஆன் வருகிறார், 1869இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். அவர் அப்பா விவசாயி, பிறந்த இடம் அயர்லாந்து. எந்த கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), எந்த ஊர் என்று கணக்கெடுப்பில் கேட்கவே மாட்டார்கள். 'அயர்லாந்து' என்ற ஒரே சொல்லோடு தேடல் நின்றுபோன குடும்பங்கள் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் இருக்கும்.

இங்கேதான் இந்தத் தேடலுக்கு முதல் அதிர்ஷ்டம் அடித்தது. அந்தப் பெயர். ஃபால்மத். அயர்லாந்தில் எந்த ஊரில் கல்லெறிந்தாலும் ஒரு ஜான் கார்னி மேலோ பாட்ரிக் கார்னி மேலோ விழும், கார்னி அவ்வளவு சாதாரணமான குடும்பப் பெயர், அதையே வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் எழுதுவார்கள், எழுத்தரின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. ஆனால் ஃபால்மத் என்று யார் பெயர் வைப்பார்கள்? ஃபல்மோத் என்றும் ஆவணங்களில் வருகிறது. எப்படி எழுதினாலும் அது வேறு ஆளாக இருக்க வாய்ப்பே இல்லை என்பதால் ஒஹாயோவில் வரும் ஃபால்மத்தும், இந்தியானாவில் வரும் ஃபால்மத்தும், கப்பல் பட்டியலில் வரும் ஃபால்மத்தும் ஒரே ஆள் என்று கண்ணை மூடிக்கொண்டு அல்ல, ஆனால் கொஞ்சம் தைரியமாகவே இணைக்க முடிந்தது. இவருக்கு ஜான் என்று பெயர் வைத்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கப்பல் பட்டியல் என்றதும் பலரும் எல்லிஸ் தீவு ஆவணங்களைத் தேடப் போவார்கள். எல்லிஸ் தீவு திறந்ததே 1892இல். அதற்கு முன்பு இருந்த காசில் கார்டன் கூட 1855இல்தான். 1850இல் இரண்டுமே இல்லை, கப்பல் தலைவர் எழுதிக் கொடுத்த பட்டியல் சுங்க அதிகாரியிடம் போகும், அவ்வளவுதான். அழியாமல் தப்பித்த அந்தப் பட்டியல்களில்தான் மார்மியன் இருக்கிறது.

இரண்டாவது விஷயம், இதைத்தான் இந்தத் தேடலின் நடு முடிச்சு என்று நான் நினைக்கிறேன்: ஃபால்மத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. அவரைச் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார்கள். தம்பதியாக வந்த சகோதரி யார்? எதற்கு நேராக ஒஹாயோ போனார்கள்? அங்கே ஏற்கெனவே யார் இருந்தார்கள்? இந்தக் கேள்விகள் போய் முட்டிய இடம் ஃபிரான்சிஸ் கார்னி என்ற ஒரு சித்தப்பாவோ பெரியப்பாவோ. இவர் முன்பே அமெரிக்கா போய் ஒஹாயோவில் நிலம் வாங்கியிருந்தார். சாகும்போது அந்த நிலத்தை அயர்லாந்தில் இருந்த தன் சகோதரர் ஜோசப்புக்கு எழுதி வைத்தார். அந்த ஜோசப்தான் ஃபால்மத்தின் அப்பா. 1849இல் ஜோசப் முதலில் கப்பலேறினார். அடுத்த வருடம் ஃபால்மத்தும் சகோதரியும். 1851இல் அம்மா ஃபீபி மற்றப் பிள்ளைகளோடு.

கவனித்துப் பாருங்கள், இது பஞ்சத்தில் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிய கதையாக மட்டும் இல்லை. பஞ்சம் இருந்தது, 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்ததில் இருந்து சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேற்பட்டவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள், ஒரு கிராமத்துச் செருப்புத் தைப்பவருக்கு அந்த ஊரில் யார் வேலை கொடுத்திருப்பார்கள்? ஆனால் போவதற்கு ஒரு இடமும் அங்கே ஒரு துண்டு நிலமும் இருந்தது இவர்களுக்கு. ஒருவர் போய், அடுத்தவரை இழுத்து, அவர் அடுத்தவரை இழுப்பது. வம்சாவளி தேடுகிறவனுக்கு இந்தச் சங்கிலிதான் வரம், ஏனென்றால் சங்கிலியில் ஒரு கண்ணியிலாவது யாராவது ஊர்ப் பெயரைச் சொல்லியிருப்பார்கள்.

சொல்லியிருந்தார்கள். மனிகால், கிங்ஸ் கவுண்டி. கிங்ஸ் கவுண்டி என்றால் இன்றைய வரைபடத்தில் கிடைக்காது, சுதந்திரத்துக்குப் பிறகு அது ஆஃபலி. கிராமம் ஆஃபலிக்கும் டிப்பரெரிக்கும் எல்லையில் இருக்கிறது, சுமார் 300 பேர் வாழும் ஒரு தெரு ஊர். எல்லை ஊர் என்பதால் இதிலும் ஒரு தொல்லை உண்டு, ஆவணம் இந்த கவுண்டியில் இருக்குமா அந்த கவுண்டியில் இருக்குமா என்று இரண்டு பக்கமும் பார்த்தாக வேண்டும்.

சரி, ஊர் கிடைத்துவிட்டது. இனி அந்த ஊரில் இந்தக் குடும்பம் இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். கணக்கெடுப்பு எரிந்துபோயிற்று. அரசுப் பதிவு அப்போது இல்லை. நில வரிக்காக 1847இல் இருந்து 1864 வரை நாடு முழுக்க எடுத்த கிரிஃபித் மதிப்பீடு என்ற பெரிய கணக்கு இருக்கிறது, அயர்லாந்துத் தேடலில் எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான், கணக்கெடுப்புக்குப் பதிலாக நிற்கும் ஒரே தூண் அது. ஆனால் 1851க்குள் இந்தக் குடும்பமே ஊரைக் காலி செய்துவிட்டது. அதில் பெயர் இல்லை என்பதால் ஊரிலேயே இருந்ததில்லை என்று முடிவு கட்டினால் தப்பு. இந்தத் தப்பைச் செய்து சரியான ஊரைக் கைவிட்டவர்கள் நிறைய.

மிச்சம் கோவில் பதிவேடுதான். கார்னி குடும்பம் கத்தோலிக்கர் இல்லை, அயர்லாந்து திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அப்படியென்றால் 1922 தீயின் நேர் வழியில் நிற்கும் பதிவேடுகள். 1871இல் அந்தத் திருச்சபை அரசுத் திருச்சபை என்ற தகுதியை இழந்தபின் 1870களின் நடுவில் சட்டம் போட்டு அதன் பழைய பதிவேடுகளைப் பொது ஆவணமாக்கி டப்ளினுக்கு அனுப்பச் சொன்னார்கள். பாதுகாப்பாக வைத்திருப்பதாகக் காட்டிய சேகரங்கள் (திருச்சபையின் ஊர்ப் பிரிவுகள்) மட்டும் தங்கள் புத்தகங்களை ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம். ஒழுங்காக அனுப்பி வைத்தவர்களின் புத்தகம் எரிந்தது. அனுப்பாமல் வைத்திருந்தவர்களின் புத்தகம் பிழைத்தது.

மனிகால் அடங்கிய டெம்பிள்ஹாரி சேகரத்தின் குருவானவர் ஸ்டீபன் நீல். ஸ்மோலென்யாக்கிடம் இருந்து விசாரணை வந்ததும் அவர் தேடினார். பழைய புத்தகங்கள் கோவிலில் கூட இல்லை, சபையைச் சேர்ந்த ஒரு வயதான அம்மாவின் வீட்டில் பத்திரமாக இருந்தன. அவற்றில் இருந்தது இந்தக் குடும்பம்: ஜோசப் கார்னி, மனிகால், செருப்புத் தைப்பவர். 2007இல் செய்தி வெளியானது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்த ஊர்ப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்க ஆரம்பித்தன.

இந்த இடத்தில் ஆதாரத்தின் எடையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அப்பாவின் பெயர் ஜோசப் என்பது மட்டும் போதாது, ஜோசப் கார்னி இன்னொருவரும் இருந்திருக்கலாம். ஆனால் ஒஹாயோவில் ஃபிரான்சிஸின் நிலத்துக்கு வாரிசாக வந்த ஜோசப், அவர் மனைவி ஃபீபி, மகள் மார்கரெட், மகன் ஃபால்மத் என்று ஒரு குடும்பக் கூட்டமே அமெரிக்கப் பக்கத்தில் தெரிகிறது, அதே கூட்டம் மனிகால் பக்கத்திலும் பொருந்துகிறது, அங்கே மறையும் காலமும் இங்கே முளைக்கும் காலமும் ஒத்துப்போகின்றன. நல்ல வம்சாவளி வேலை எல்லாமே இப்படித்தான், ஒரு பெரிய ஆவணம் எதையும் நிரூபிப்பதில்லை, ஐந்தாறு சின்ன ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்படாமல் நின்றால் போதும்.

அங்கிருந்து மேலே போனது இன்னொரு குழு. டப்ளின் டிரினிட்டி கல்லூரி வளாகத்தில் தொடங்கிய எனெக்லான் என்ற ஆய்வு நிறுவனம் கார்னிகளை 17ஆம் நூற்றாண்டின் கடைசி வரை கொண்டுபோனது. அங்கே ஒரு ஆச்சரியம். செருப்புத் தைப்பவரின் முன்னோர் வழியில் மைக்கேல் கார்னி என்று டப்ளினில் ஒரு செல்வாக்கான ஆள், தொழில் பொய்முடி செய்வது. 18ஆம் நூற்றாண்டில் கனவான் என்று சொல்லிக்கொள்கிறவன் எவனும் பொய்முடி இல்லாமல் வெளியே தலைகாட்ட மாட்டான், ஆகவே அது நல்ல காசு புரளும் தொழில். அதே குடும்பக் கிளையில் ஜான் கார்னி என்பவர் 1799 முதல் 1806 வரை டிரினிட்டி கல்லூரிக்கே தலைவராக இருந்து, பிறகு ஆஸரி மறைமாவட்டத்தின் ஆயர் ஆனார்.

ஒரு கிளை கல்லூரித் தலைவர், இன்னொரு கிளை கிராமத்தில் செருப்புத் தைக்கிறது. அடுத்தடுத்த தலைமுறைகளில் சொத்து எப்படிப் பிரிகிறது, யாருக்கு என்ன போகிறது என்பதைப் பொறுத்த விஷயம் இது, எந்த நாட்டிலும் பார்க்கலாம்.

இவ்வளவு தூரம் பின்னால் போக முடிந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது, இதைப் பலர் சொல்வதில்லை. டப்ளினில் 1708இல் தொடங்கிய பத்திரப் பதிவு அலுவலகம் எரியவில்லை. நில விற்பனை, குத்தகை, திருமண ஒப்பந்தம் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆனால் யாருடைய பத்திரங்கள்? அந்தக் காலத்தில் கத்தோலிக்கர்கள் நிலம் வாங்குவதையும் நீண்ட குத்தகை எடுப்பதையும் தண்டனைச் சட்டங்கள் தடுத்தன. பத்திரம் எழுதும் நிலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்கள். நகரத்துக் கைவினைஞர், வணிகர் குழுமங்களில் (கில்டு) முழு உறுப்பினராக முடிந்தவர்களும் அவர்கள்தான். கார்னி குடும்பம் அந்தச் சிறுபான்மையில் இருந்தது, அதனால் ஏழை ஆன பிறகும் பணக்காரக் காலத்துக் காகிதம் அவர்களைக் காப்பாற்றியது.

இதையே மேற்கு அயர்லாந்தில் மேயோ பக்கமோ கெர்ரி பக்கமோ ஒரு கத்தோலிக்கக் குத்தகை விவசாயியின் மகனாக வைத்து யோசித்துப் பாருங்கள். கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் தீயில் போகவில்லை, அவை அரசு ஆவணமாகக் கருதப்படவில்லை என்பதால் கோவில்களிலேயே இருந்தன, 2015 ஜூலையில் இருந்து தேசிய நூலகம் அவற்றின் படங்களை இலவசமாக இணையத்தில் போட்டிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேற்குக் கிராமங்களில் பல பதிவேடுகள் 1820களுக்கோ 30களுக்கோ முன்னால் தொடங்கவே இல்லை, சில இடங்களில் இன்னும் பிந்தி. லத்தீனில் எழுதிய பெயர்கள், மங்கிய மை. அதற்கு மேல் 1823 முதல் 1837 வரையிலான தசமபாக வரிப் புத்தகத்தில் தாத்தாவின் பெயர் ஒரு வரியாக வந்தால் உண்டு, வீட்டுத் தலைவர் பெயர் மட்டும், உறவு முறை எதுவும் இல்லாமல். அதோடு சரி. பொய்முடிக்காரரும் கல்லூரித் தலைவரும் அங்கே வரமாட்டார்கள். இந்தத் தேடலைப் படித்துவிட்டு "நமக்கும் 1690 வரை போகலாம் போல" என்று காசு செலவழிக்கிற ஐரிஷ் அமெரிக்கர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும்.

மரபணுச் சோதனை உதவாதா என்று கேட்பார்கள். ஃபால்மத் மட்டத்தில் ஒபாமாவுக்கு 32 பேர் முன்னோர், ஒருவரின் பங்கு சராசரியாக 3 சதவீதம். அதுவரை சரி. ஆனால் மனிகாலில் இன்றைக்கு இருக்கும் உறவினர் என்று காட்டப்பட்டவர் எட்டாம் படி பங்காளி, அதாவது பொது முன்னோர் ஒன்பது தலைமுறைக்கு மேலே. அந்தத் தூரத்தில் இரண்டு பேருக்கு இடையே சோதனையில் தெரிகிற அளவுக்குப் பொதுவான மரபணு பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. இந்த உறவு முழுக்க முழுக்கக் காகிதத்தின் மேல் நிற்கிற உறவு.

ஃபால்மத்தைப் பற்றி மிச்சம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஒஹாயோவில் சார்லட் ஹாலவே என்ற பெண்ணைக் கட்டினார். பிறகு இந்தியானாவில் டிப்டன் கவுண்டிக்குக் குடிபோய் விவசாயம் பார்த்தார். 1877இல் சார்லட் இறந்தார், 1878இல் அவரும். மேரி ஆனுக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். அவர் பிறகு கான்சாஸ் பக்கம் போய் ஜேக்கப் வில்லியம் டன்ஹமைத் திருமணம் செய்துகொண்டார், 1936 வரை இருந்தார். பேரன் ஸ்டான்லி ஆர்மருக்கு அப்போது பதினெட்டு வயது. அயர்லாந்தில் பிறந்தவரின் மகள் ஒரே வீட்டுப் பேச்சு தூரத்தில் இருந்திருக்கிறார், ஊர்ப் பெயரை மட்டும் யாரும் கீழே கடத்தவில்லை.

2011 மே 23 அன்று ஒபாமா ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார், கார்னிகளின் வீட்டைப் பார்த்தார், மதுக்கடையில் ஒரு கின்னஸ் குடித்தார். அன்று மாலை டப்ளின் கூட்டத்தில், தான் மனிகால் ஒபாமா என்றும், வழியில் எங்கோ தொலைந்த அபாஸ்ட்ரஃபியை (ஐரிஷ் பெயர்களில் ஓ எழுத்துக்குப் பின்னால் போடும் ஒற்றைக் குறி) கண்டுபிடிக்க ஊருக்கு வந்திருப்பதாகவும் சொன்னார். ஓ-பாமா, ஓ-பிரையன் மாதிரி. கூட்டம் சிரித்தது.

மூன்று வருடம் கழித்து ஊருக்கு வெளியே எம் 7 நெடுஞ்சாலையில் பராக் ஒபாமா பிளாசா என்று ஒரு ஓய்விடம் திறந்தார்கள். கீழே பெட்ரோலும் பொரித்த கோழியும், மேல் மாடியில் அந்த வருகையைப் பற்றிய ஒரு கண்காட்சி. டப்ளினுக்கும் லிமெரிக்குக்கும் நடுவில் போகிறவர்கள் கழிப்பறைக்காக நிறுத்துகிற இடம் அது.